அறிவு யாரைப் போய்ச் சேர்ந்தது?

 

கிறிஸ்தவத்துக்கும் அறிவியலுக்கும் கல்விக்கும் இடையே வரலாற்றில் இருந்த உறவைப் பற்றிப் பேசும்படி எனக்குப் பணித்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு, சூடான தலைப்பும்கூட. இதைக் கேட்ட உடனே ஒரு சாரார் எழுந்து, "கலிலியோவை மண்டியிட வைத்த சமயம் அல்லவா அது? அதற்கும் அறிவியலுக்கும் என்ன உறவு?" என்று கேட்பார்கள். இன்னொரு சாரார் எழுந்து, "பள்ளிக்கூடம் கட்டியது யார்? ஆஸ்பத்திரி கட்டியது யார்? அச்சுக்கூடம் கொண்டுவந்தது யார்?" என்று கேட்பார்கள். இரு சாராரிடமும் சான்றுகள் உண்டு. இரு சாரார் சொல்வதும் பாதி வரலாறுதான்.

கலிலியோ கதை உண்மை. 1633-இல் ரோமாபுரியில் அவரை விசாரணைக் குழுவின் முன் நிறுத்தினார்கள். பூமி சுழல்கிறது என்ற கொள்கையைக் கைவிடச் செய்தார்கள். சாகும்வரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். இதை மறைக்க யாராலும் முடியாது, மறைக்கவும் கூடாது. ஆனால், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று 1543-இல் நூல் வெளியிட்ட கோப்பர்நிக்கஸ் யார்? தேவாலயப் பணியில் இருந்தவர். பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபியலுக்கு அடித்தளம் இட்ட மெண்டல் யார்? மடத்துத் துறவி. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927-இல் கணக்குப் போட்டு எழுதிய லெமைத்ர் யார்? கத்தோலிக்கப் பாதிரியார். ஒரே சமயம்தான், ஒரு பக்கம் பூட்டுகிறது, மறுபக்கம் திறக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

நண்பனா, பகைவனா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் வழக்குதான் வளரும். நான் வேறொரு கேள்வி கேட்கிறேன். அவர்கள் கையில் இருந்த அறிவு யாரைப் போய்ச் சேர்ந்தது? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நம் மண்ணின் வரலாற்றைப் பாருங்கள். அதிகாரத்தைக் காக்க உட்கார்ந்த இடத்தில் கிறிஸ்தவம் ஏடுகளை எரித்தது. மக்களோடு கீழே உட்கார்ந்த இடத்தில் ஏடுகளைப் பிறப்பித்தது. இதைத்தான் இன்று நான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் எரிந்த ஏடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கசப்பை முதலில் விழுங்கிவிடுவது நல்லது.

இடம், கொச்சிக்கு அருகே உதயம்பேரூர். ஆண்டு 1599. கோவாவிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியப் பேராயர் அலெய்ஷோ டி மெனேசிஸ் அங்கே ஒரு திருச்சபை மாநாட்டைக் கூட்டினார். கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாகச் சிரியாக் மொழியில் வழிபாடு நடத்தி வந்தவர்கள். அந்த மொழியில் சுவடிகளைக் காத்து வந்தவர்கள். அந்தச் சுவடிகளில் பிழையான போதனை இருக்கிறது என்று மாநாடு தீர்மானித்தது. திருத்த முடிந்ததைத் திருத்து, முடியாததை எரி. இதுதான் ஆணை. எரிந்தவை யாருடைய ஏடுகள்? கிறிஸ்தவர்களுடைய ஏடுகள்! எரித்தவர்கள் யார்? கிறிஸ்தவர்கள்! பல தலைமுறைகளின் நினைவு அன்று சாம்பலாயிற்று. அந்த அறிவு யாரைப் போய்ச் சேர்ந்தது? நெருப்பைப் போய்ச் சேர்ந்தது. எந்தச் சமயமானாலும் சரி, எந்த அரசானாலும் சரி, 'நான் சொல்வது மட்டுமே உண்மை' என்று அதிகாரத்தின் குரலில் பேசத் தொடங்கினால் அடுத்து எரிவது புத்தகம்தான்.

அன்பர்களே, இப்போது நம் மைசூருக்கு வருவோம். இந்த மண்டபத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே கஞ்சாம் பகுதியில் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. அபே துபுவா தேவாலயம் என்றே அதைச் சொல்கிறார்கள். யார் இந்த அபே துபுவா?

பிரான்சு நாட்டவர், பாரீஸ் மறைபரப்பு சபையைச் சேர்ந்த பாதிரியார். 1792-இல் குருப்பட்டம் பெற்று அதே ஆண்டில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை விழுந்தது. அதன்பின், சிதறிக் கிடந்த கத்தோலிக்கக் குடும்பங்களைத் திரட்ட அவர் மைசூர்ச் சீமைக்கு வந்தார். நம் ஊர் உடையை உடுத்தினார். புலால் உண்பதை விட்டார். நம் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். மக்கள் அவரை 'தொட்ட சுவாமியவரு' என்று அழைத்தார்கள். நம் பேச்சில் சொன்னால் பெரிய சாமி. ஹாசன் பக்கத்துச் சத்தள்ளியில் ஏழைக் குடும்பங்களுக்கு விவசாயக் குடியிருப்பு அமைத்தார்.

அந்தக் காலத்தில் இந்த மண்ணை வாட்டிய கொடுமை எது தெரியுமா? பெரியம்மை. அது ஊருக்குள் புகுந்தால் வீடு வீடாகப் பிணம் விழும். பிழைத்தவர்களில் பலருக்குக் கண் போகும்; முகம் முழுவதும் தழும்பாகும். பெரியம்மைக் கொப்புளத்தின் சீழையோ பொருக்கையோ எடுத்து, நோயில்லாதவர் கையில் குத்தும் வழக்கம் நம் நாட்டில் சில பகுதிகளில் முன்பே இருந்தது. நோய் லேசாக வந்து போகும், பிறகு வராது. ஆனால் ஆபத்து உண்டு. குத்திக்கொண்டவரிடமிருந்தே ஊரெல்லாம் பெரியம்மை பரவிவிடலாம். இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் 1796-இல் வேறு வழி காட்டினார். பசுவுக்கு வரும் மாட்டம்மையின் பாலைக் குத்தினால் போதும், பெரியம்மை அண்டாது என்று கண்டார். இந்த அம்மைப்பால் பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பம்பாய்க்கு வந்தது. 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்டால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு அங்கே அம்மை குத்தினார்கள். இந்தியாவில் அம்மைப்பால் பலித்த முதல் குழந்தை அவள்தான்.

அன்றைக்குக் குளிர்பதனப் பெட்டி கிடையாது. புட்டியில் அடைத்து அனுப்பினால் வெயிலில் வீரியம் போய்விடும். பிறகு எப்படி ஊர் ஊராகப் போயிற்று? குழந்தைகளின் கை வழியாகப் போயிற்று! ஒரு குழந்தையின் கையில் குத்துவார்கள். ஒரு வாரத்தில் கொப்புளம் எழும். அதில் ஊறும் நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். அங்கிருந்து அடுத்த குழந்தைக்கு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எல்லாம் போயிற்று. நினைத்துப் பாருங்கள், ஒருவர் உடம்பில் ஊறியதை இன்னொருவர் உடம்பில் ஏற்ற வேண்டும். சாதி பார்க்கும் சமுதாயம். தீட்டுப் பார்க்கும் சமுதாயம். அம்மையை அம்மனாகவே கும்பிடும் சமுதாயம். கிழக்கிந்தியக் கும்பினியின் சிப்பாய் வந்து கையை நீட்டு என்றால் நீட்டுவார்களா?

நீட்டமாட்டார்கள். ஆனால் தங்களோடு வாழ்ந்து, தங்கள் உணவை உண்டு, தங்கள் மொழியில் பேசிய பெரிய சாமி கேட்டபோது நீட்டினார்கள். 1803, 1804 ஆண்டுகளில் மைசூர்ச் சீமையில் துபுவாவின் முயற்சியால் அம்மை குத்திக்கொண்டவர்கள் 25,000-க்கும் மேற்பட்டவர்கள். ஜென்னரின் கண்டுபிடிப்பு வெளிவந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை! ஐரோப்பாவிலேயே பலர் தயங்கி நின்ற காலம் அது. இங்கே காவிரிக் கரையில் ஒரு பாதிரியார் ஊர் ஊராகப் போய் அந்த அறிவைக் குடியானவர்களின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இதே ஆண்டுகளில் மைசூர் அரண்மனை என்ன செய்தது? 1805-இல் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மைசூர் அரசகுலப் பெண்கள் மூவரை வரைந்தார். அதில் ஒரு பெண் புடவையை விலக்கிக் கையின் ஓர் இடத்தைக் காட்டி நிற்கிறார். வெகுகாலம் அதை நாட்டியப் பெண்களின் படம் என்றே நினைத்திருந்தார்கள். வரலாற்று ஆய்வாளர் நைஜல் சான்சலர் அந்தக் கருத்தை மறுத்தார். கையைக் காட்டும் பெண் இளம் அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அரசி தேவஜம்மணி; அம்மை குத்திய இடத்தைத்தான் காட்டுகிறார்; குடிமக்களின் அச்சத்தைப் போக்க வரையப்பட்ட படம் இது என்று அவர் முடிவு செய்தார். அம்மை குத்திக்கொள்ளச் செய்ததில் அரசரின் பாட்டியார் லட்சுமி அம்மணியின் பங்கு பெரிது என்பதும் அவர் கருத்து. பாருங்கள், பிரெஞ்சுப் பாதிரியார் ஒரு பக்கம், மைசூர் அரசிகள் ஒரு பக்கம். சமயம் வேறு, மொழி வேறு, நாடு வேறு. காக்க நினைத்தது ஒரே குழந்தைகளைத்தான்! அந்தச் சங்கிலி நீண்டு நீண்டு, 1975-இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி வரை வந்து, 1980-இல் உலகிலிருந்தே பெரியம்மை ஒழிந்தது என்ற அறிவிப்பில் முடிந்தது. அந்த நெடும்பயணத்தின் தொடக்கத்தில் நம் மைசூருக்கும் ஓர் இடம் உண்டு என்று நாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

துபுவாவைப் புகழ்ந்துவிட்டு அவருடைய இன்னொரு பக்கத்தை மறைத்தால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். இந்தியர்களின் பழக்க வழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. கையெழுத்துப் படியைக் கும்பினி அரசு 1807-இல் விலைக்கு வாங்கியது. 1816-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆனால் அந்த நூலின் பெரும்பகுதி அவருக்கு முன் வாழ்ந்த கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியாரின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை சில்வியா முர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1987-இல் நிறுவினார். கேர்தூ சாதாரண ஆள் அல்லர். வடமொழிக்கும் கிரேக்க, லத்தீன் மொழிகளுக்கும் உறவு உண்டு என்று 1767-இலேயே பாரீசுக்கு எழுதியவர். அதே செய்தியை வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசியது 1786-இல்தான். அது மட்டுமா? துணிக்குச் சாயம் ஏற்றும் நம் கைவினைஞர்களின் நுட்பத்தைக் கேட்டுக் கேட்டுக் குறித்து 1742-இல் ஐரோப்பாவுக்கு அனுப்பியவரும் அவரே. அந்த நுட்பம் யாருடையது? நம் சாயக்காரர்களுடையது. அவர்கள் பெயர் எங்கே? புத்தகத்தில் இல்லை. கேர்தூ பெயரைத் துபுவாவின் நூல் மறைத்தது. சாயக்காரர்களின் பெயரை வரலாறே மறைத்தது. அறிவு யாரைப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கும்போது, அது யாரிடமிருந்து வந்தது என்றும் நாம் சேர்த்தே கேட்டாக வேண்டும்.

மைசூரிலிருந்து காவிரியோடு கடல்வரை போவோம். காவிரி கடலில் கலக்கும் பகுதியில் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் ஜெர்மனியைச் சேர்ந்த சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். தமிழ் கற்க என்ன செய்தார்? திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அந்த ஊர் டேனிஷ் ஆளுநரின் கோபத்துக்கு ஆளாகி நான்கு மாதம் சிறையில் இருந்தார். பிறகு அச்சுக்கூடம் வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் வார்த்து அனுப்பினார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தது. அதற்கு முன்பே, 1578-இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்க நூலை ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அச்சிட்டிருந்தார். ஆனால் தொடர்ந்து அச்சிடும் மரபு தரங்கம்பாடியில்தான் வேர் பிடித்தது.

இங்கேயும் பூட்டுச் சாவிக் கதை உண்டு. தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி, வழிபாட்டைப் பற்றி, தமிழ்ப் புலவர்களிடம் கேட்டறிந்து சீகன்பால்கு 1713-இல் ஒரு நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே இருந்த மேலிடம் என்ன செய்தது? 'உன்னை அனுப்பியது அந்தச் சமயத்தை ஒழிக்க. அதைப் பற்றி ஐரோப்பாவில் பரப்ப அல்ல' என்ற எண்ணத்தில் அச்சிட மறுத்தது. அந்த நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஒரு நூல் இருட்டில் கிடந்தது! தரையில் உட்கார்ந்து கற்றவர் திறந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஆண்டவர்கள் பூட்டினார்கள். எவ்வளவு தெளிவான சான்று!

அந்தத் தரங்கம்பாடியே அடுத்த தலைமுறையில் ஓர் ஆய்வுக்கூடமாக மாறியது. தாவரவியல் மேதை லின்னேயசின் மாணவர் யோஹான் கோனிக் 1768-இல் அங்கே மருத்துவராக வந்தார். நம் வீட்டுத் தாளிப்பில் மணக்கும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இன்றுவரை அவர் பெயர் இருக்கிறது. ஜான் என்ற பாதிரியார் நம் கடல் மீன்களைப் பதப்படுத்திப் பெர்லினில் இருந்த புளோக் என்ற மீனியல் அறிஞருக்கு அனுப்பினார். கத்தாளை மீன்களில் ஒரு பேரினத்துக்கே புளோக் அவர் பெயரைச் சூட்டினார். ரோட்லர் என்ற பாதிரியார் செடி கொடிகளைத் திரட்டிக்கொண்டே தமிழ் அகராதியும் தொகுத்தார். பைபிளை ஒரு கையிலும் பூதக்கண்ணாடியை இன்னொரு கையிலும் ஏந்திய மனிதர்கள் இவர்கள். ஆனால் மீனைப் பிடித்துத் தந்தவர் யார்? நம் மீனவர். செடியின் குணத்தைச் சொன்னவர் யார்? நம் வைத்தியர். மலையாளக் கரைத் தாவரங்களைப் பற்றி ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' நூலில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் பெயர் இருக்கிறது. அந்த நேர்மை எல்லா நூல்களிலும் இருந்திருந்தால் நம் முன்னோர் எத்தனை பேரின் பெயர் இன்று உலகுக்குத் தெரிந்திருக்கும்!

அடுத்து, மைசூரையும் தஞ்சாவூரையும் இணைக்கும் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சுவார்ட்ஸ் ஐயர். 1779-இல் சென்னைக் கும்பினி அரசு ஹைதர் அலியிடம் தூது அனுப்ப நினைத்தபோது தேர்ந்தெடுத்தது இந்தப் பாதிரியாரைத்தான். இதோ, நம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்து ஹைதரைச் சந்தித்தார். தூது பலிக்கவில்லை. ஆனால் அவர் தஞ்சையில் செய்த பணி பலித்தது. தஞ்சை அரசர் துளஜாஜி தம் வளர்ப்பு மகன் சரபோஜியைச் சுவார்ட்சின் பாதுகாப்பில் விட்டுச் சென்றார். அந்தச் சிறுவன் ஐரோப்பியக் கல்வி பெற்றான். 1798-இல் அரியணை ஏறினான். சரஸ்வதி மகால் நூலகத்தை உலகமே வியக்க வளர்த்தான். தன்வந்திரி மகால் அமைத்தான். கண் நோயாளிகளுக்கு அங்கே நடந்த சிகிச்சை, கண்ணின் படங்களோடு குறிப்பேடாக இன்றும் தஞ்சையில் இருக்கிறது.

கவனியுங்கள். சரபோஜி மதம் மாறவில்லை. கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். மேற்கத்திய மருத்துவத்தையும் ஆயுர்வேதத்தையும் சித்த மருத்துவத்தையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தார். தம் ஆசான் இறந்தபின் லண்டனில் சிற்பி பிளாக்ஸ்மனிடம் பளிங்குச் சிற்பம் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் நிறுத்தினார். ஆசான் மதத்தைத் திணிக்கவில்லை; மாணவர் நன்றியை மறக்கவில்லை. அறிவைக் கொடுப்பவர் எப்படிக் கொடுக்க வேண்டும், பெறுபவர் எப்படிப் பெற வேண்டும் என்பதற்கு இதைவிட உயர்ந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

இனிக் கடல் கடந்து யாழ்ப்பாணம் போவோம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் அங்கே வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார், மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். என்ன ஆயிற்று? ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விட்டார்கள். கிராமத்து நோயாளி அப்படியே கிடந்தார். அப்போது கிறீன் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்! உடற்கூறு தமிழில். அறுவை மருத்துவம் தமிழில். பிரசவ மருத்துவம் தமிழில். வேதியியல் தமிழில். யாழ்ப்பாணத்து மாணவர்களையும் புலவர்களையும் கூட்டிவைத்துக்கொண்டு அவர் உருவாக்கிய தமிழ் மருத்துவப் பக்கங்கள் 4,000-க்கும் மேல். 1873-இல் தாயகம் திரும்பிய பின்னும் அங்கிருந்தபடியே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். 1884-இல் மறைந்தார்.

நான் உங்களைக் கேட்கிறேன். நூற்றறுபது ஆண்டுக்கு முன் ஓர் அமெரிக்கர் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அச்சிட்டார், மருத்துவர்களை உருவாக்கினார். இன்று கணினி இருக்கிறது, இணையம் இருக்கிறது, பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. நம்மால் முடியாது என்று சொல்வது எவ்வளவு பெரிய பொய்!

பெண்களுக்கு அறிவு போய்ச் சேர்ந்த வரலாறு இன்னும் உருக்கமானது. 1890-களில் திண்டிவனம். அமெரிக்க மிஷன் மருத்துவரின் மகள் ஐடா ஸ்கட்டர் பெற்றோரைப் பார்க்க வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து மூன்று ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்ற அந்தப் பெண்ணை அழைத்தார்கள். தான் மருத்துவர் அல்ல, தன் தந்தைதான் மருத்துவர் என்றார் அவர். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். 1902-இல் வேலூரில் பெண்கள் மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எழுந்தது. அதுவே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி. நம் மைசூருவிலும் 1906-இல் மண்டி மொகல்லாவில் வெஸ்லியன் மிஷன் நிறுவிய ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனை, 'மிஷன் ஆஸ்பத்திரி' என்ற பெயரில் தலைமுறைகளைக் காத்து வந்திருக்கிறது. அறிவு அடுப்படியைத் தாண்டிப் பிரசவ அறைக்குள் போய்ச் சேர்ந்த வரலாறு இது.

கல்வியாளர்களையும் மறக்கலாகாது. பாசல் மிஷனைச் சேர்ந்த கிட்டல் 1894-இல் வெளியிட்ட கன்னட அகராதியை இன்றும் கன்னட அறிஞர்கள் கையில் எடுக்கிறார்கள். பெங்களூரில் மிஷனரியின் மகனாகப் பிறந்த லூயிஸ் ரைஸ் மைசூர் அரசுப் பணியில் இருந்துகொண்டு, 'எபிகிராஃபியா கர்நாடிகா' என்ற வரிசையில் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை வெளியிட்டார். கோலார்ப் பகுதியில் சோழர் பொறித்த தமிழ்க் கல்வெட்டுகளும் அவற்றில் உண்டு. இந்த மாநிலத்தில் தமிழர் வரலாற்றைத் தேடுகிறவர் ரைசின் தொகுதிகளைத் தொடாமல் போக முடியாது.

"ஐயா, இவர்களெல்லாம் மதம் பரப்ப வந்தவர்கள்தானே? வெள்ளையர் ஆட்சியின் நிழலில் வந்தவர்கள்தானே?" என்று சிலர் மனத்தில் கேள்வி எழும். நியாயமான கேள்வி. ஆம், அவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள். ஆம், பலருக்குப் பின்னால் கும்பினியின் துப்பாக்கி இருந்தது. நம் சமயங்களை இழிவாக எழுதியவர்களும் அவர்களுக்குள் உண்டு. துபுவாவின் நூலில்கூட நம்மைப் புண்படுத்தும் பக்கங்கள் நிறைய உண்டு. சாதியை எதிர்த்துப் பேசிய சபைகளிலேயே சாதிக்கொரு வரிசை போட்டு உட்காரவைத்த தேவாலயங்களும் உண்டு. இவற்றையெல்லாம் ஒளிக்காமல் சொல்வோம்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வந்தவரின் நோக்கத்தோடு அறிவு நின்றுவிடவில்லை. மதம் பரப்ப வந்த அச்சு இயந்திரம் நம் கைக்கு வந்ததும் என்ன ஆயிற்று? ஆறுமுக நாவலர் அதே அச்சைக் கொண்டு சைவத்தைக் காத்தார். வட்டுக்கோட்டை மிஷன் கல்விக்கூடத்தில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை சைவராக வாழ்ந்து, தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த அப்துல் கலாம் நாட்டுக்கு ஏவுகணை தந்தார். அதே கல்லூரியில் படித்த ஜி.என். இராமச்சந்திரன் கொலாஜன் புரதத்தின் முறுக்கு வடிவத்தை உலகுக்குக் காட்டினார். ஆற்றில் இறைத்த தண்ணீர் இறைத்தவன் வயலோடு நிற்பதில்லை. மடை வழியே அடுத்த வயலுக்கும் பாயும். அறிவும் அப்படித்தான்.

ஆகவே அன்பர்களே, வரலாறு நமக்கு என்ன சொல்கிறது? எந்தச் சமயமும் இயல்பிலேயே அறிவுக்குப் பகையும் இல்லை, தானாகவே நட்பும் இல்லை. உதயம்பேரூரில் எரித்ததும் கிறிஸ்தவம், மானிப்பாயில் எழுதியதும் கிறிஸ்தவம். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு வேதத்தில் இல்லை. மனிதர் உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது. இந்த அளவுகோலை நம் சமயங்கள்மீதும் நம் அரசுகள்மீதும் நம் பல்கலைக்கழகங்கள்மீதும் வைத்துப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும்.

மூன்று கடமைகளை உங்கள் முன் வைத்து முடிக்கிறேன். முதல் கடமை: இந்த மண்டபத்தில் மருத்துவர்கள் இருக்கிறீர்கள், பொறியாளர்கள் இருக்கிறீர்கள், பேராசிரியர்கள் இருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் உங்கள் துறையில் ஒரு நூலைத் தமிழில் எழுதுங்கள். கன்னட நண்பரோடு சேர்ந்து அதைக் கன்னடத்திலும் கொண்டுவாருங்கள். இரண்டாம் கடமை: உங்கள் ஆய்வுக்குச் செய்தி தந்த உழவர், மீனவர், வைத்தியர், தாதியர் பெயரை நூலின் முதல் பக்கத்திலேயே போடுங்கள், முன்னோருக்கு நேர்ந்த மறதி இனி யாருக்கும் நேர வேண்டாம். மூன்றாம் கடமை: ஒரு நூல் பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் தடைசெய், கிழி, கொளுத்து என்று எவர் கூவினாலும், அவர் உங்கள் சமயத்தவரே ஆனாலும், எழுந்து நின்று மறுத்துச் சொல்லுங்கள். மறுப்புக்கு மறுப்பை எழுதுவோம்; நெருப்பைத் தொடமாட்டோம்.

மாணவச் செல்வங்களே, இந்த மூன்றும் உங்கள் தோளில்தான் ஏறப்போகின்றன. கற்றதை ஒளிக்காமல் கொடுங்கள். பெற்றதை மறக்காமல் சொல்லுங்கள். கேள்வி கேட்பவனை ஒருபோதும் அடக்காதீர்கள். அப்படி ஒரு தலைமுறை இந்த மைசூரு மண்ணில் எழட்டும்!